இரவல் நிரலும் ஏற்கும் கடமையும்

சிராங்கூன் சாலையில் மாலை வேளையில் நடப்போர் கைகளில் ஒளிரும் திரைகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். பூக்கடை வாசலில் நிற்கும் ஒருவர் ஊரிலிருந்து வந்த செய்தியைத் தமிழில் படிக்கிறார். தேக்கா நிலையத்தின் உணவங்காடியில் அமர்ந்திருக்கும் மாணவி தமிழ்ப் பாடச் செயலியைத் திறக்கிறாள். இருவர் திரையிலும் 'கொ' என்ற எழுத்து பிழையின்றித் தோன்றுகிறது. அது இயல்பாக நிகழ்வது என்றே நாம் எண்ணிவிடுகிறோம்.

உண்மையில் அது இயல்பாக நிகழ்வதன்று. ஒருங்குறி முறையில் 'கொ' என்பது, முதலில் ககரம், அடுத்து ஒகர உயிர்க்குறி என்ற வரிசையில் நினைவகத்தில் இருக்கிறது. திரையிலோ ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் அதற்குப் பின்னுமாகப் பிரிந்து நிற்கவேண்டும். இந்தப் பிரிப்பையும் இடமாற்றத்தையும் எழுத்துரு தனியே செய்வதில்லை. எழுத்துகளைக் கோத்துத் தரும் நிரல் ஒன்று இடையில் நின்று செய்கிறது. ஆண்ட்ராய்டுத் திறன்பேசிகளிலும், குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளிலும், லிபர் ஆபிஸ் தொகுப்பிலும் அப்பணியைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் நிரலகம். அதன் மூலநிரல் எவரும் எடுத்துப் படிக்கவும் பயன்படுத்தவும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை எழுதியவர்களுக்குப் பூக்கடை வாசலில் நிற்பவரும் பணம் தரவில்லை. பாடச் செயலியை உருவாக்கிய நிறுவனமும் பணம் தரவில்லை.

பணம் தரவேண்டியதில்லை என்பதால் கடமையும் இல்லை என்று ஆகிவிடுமா? இக்கட்டுரையில் நாம் ஆராய இருப்பது இந்த ஒரு கேள்வியைத்தான். தமிழில் செயலிகள் உருவாக்க முனையும் சிங்கப்பூர் இளையர்களும், அவர்களிடம் மென்பொருள் செய்து வாங்கும் பள்ளிகள், துணைப்பாட நிலையங்கள், கடைகள், சங்கங்கள் ஆகியோரும் இதற்கான விடையைத் தெரிந்திருக்கவேண்டும்.

கொடுத்தவர் கையைத் தெரிந்துகொள்ளுதல்

மின்னிலக்கத் தமிழுக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள உறவு பழையது. இணையத்தில் தமிழ் எழுத்துகள் தோன்றத் தொடங்கிய 1995ஆம் ஆண்டிலேயே, இந்நாட்டின் நான்கு மொழிக் கவிதைகளை இணையத்தில் ஏற்றும் முயற்சியின் தமிழ்ப் பகுதி, எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமியின் உழைப்பால் நிறைவேறியது. அவர் உருவாக்கிய கணியன் முறை அன்றைய தமிழ்க் கணிமை முயற்சிகளில் முன்னோடியாக நின்றது. 1997 மே மாதத்தில் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் நடைபெற்றது. 2000 ஜூலையில் மீண்டும் இங்கே கூடிய மாநாட்டை ஒட்டி, உத்தமம் எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாயிற்று.

அக்காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஓர் எழுத்துருவையும் தனக்கென ஒரு குறியேற்றத்தையும் வைத்திருந்தது. ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்ட கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாதவர் திறந்தால், பொருளற்ற குறிகளே தென்படும். மலேசியாவில் தோன்றிய முரசு அஞ்சல் போன்ற தனியுரிமை மென்பொருள்கள் தமிழைத் திரைக்குக் கொண்டுவந்த பெருமைக்கு உரியன. அதை நாம் மறக்கலாகாது. ஆயினும் பூட்டிய பெட்டிகள் பல, ஒன்றோடொன்று பேசாமல் கிடந்த காலமும் அதுவே. பொதுவான ஒருங்குறியும், அதைத் திரையில் காட்டும் பொதுவான திறமூல நிரலகங்களும் வந்தபின்பே, தமிழ் எந்தக் கருவியிலும் தமிழாகத் தோன்றும் நிலை ஏற்பட்டது. இன்று சிறிய நிறுவனம் ஒன்று தமிழ்ச் செயலியைச் சில மாதங்களில் செய்து முடிப்பதற்குக் காரணம் அந்தப் பொதுச்சொத்துதான்.

நிரலகம் என்பது யாது? உரிமம் என்பது யாது?

அடிக்கடி தேவைப்படும் ஒரு வேலையைச் செய்து தரும் நிரல்களின் தொகுப்பே நிரலகம். சமையற்காரர் தம் சாம்பாருக்குத் தாமே மல்லியை வறுத்து அரைக்கலாம். அரைத்து வைத்த பொடியை வாங்கியும் போடலாம். மென்பொருள் செய்பவரும் அவ்வாறே எழுத்துக்கோவை, எழுத்துப்பிழை திருத்தம், ஒலி வாசிப்பு போன்ற பணிகளைத் தாமே எழுதாமல், பிறர் எழுதிய நிரலகத்தைத் தம் நிரலோடு இணைத்துக்கொள்கிறார்.

பொடிக்கும் நிரலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பொடியை விலை கொடுத்து வாங்கியபின் அது நம்முடையது. நிரலோ, சட்டத்தின் கண்ணில் ஓர் இலக்கியப் படைப்பு. சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21ஆம் நாள் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டமும், அதற்கு முன்பிருந்த சட்டமும், கணினி நிரலுக்கு நாவலுக்கும் கவிதைக்கும் தரும் பாதுகாப்பைத் தருகின்றன. அப்பாதுகாப்பு நிரலை எழுதிய கணத்திலேயே தோன்றுகிறது; எங்கும் பதிவு செய்யவேண்டியதில்லை. ஆகவே பிறர் நிரலைப் படியெடுக்கவும், மாற்றவும், பரப்பவும் அவருடைய இசைவு வேண்டும். அந்த இசைவை எழுத்தில் தருவதே உரிமம்.

இதிலிருந்து முதற்பாடம் ஒன்றைப் பெறுகிறோம். இணையத்தில் எவரும் பார்க்கும்படி கிடக்கும் நிரலில் உரிமம் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், அது எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு அடையாளமன்று. அதைப் பயன்படுத்த நமக்கு இசைவு தரப்படவில்லை என்பதே அதன் பொருள். திறந்த கதவு விருந்தினருக்கான அழைப்பு ஆகாது.

இரண்டாம் பாடமும் இங்கேயே அடங்கியுள்ளது. பதிப்புரிமை காப்பது சொல்லிய வடிவத்தையே, கருத்தையன்று. ஒரு நிரலகம் எவ்வாறு வேலை செய்கிறது என்ற கருத்தைக் கற்று, நாமே புதிதாக நிரல் எழுதினால் அது நம் படைப்பு. அதன் வரிகளைப் பெயர்த்தெடுத்து நம் கோப்பில் ஒட்டினால், பெயர்களை மாற்றி எழுதினாலும், அது அவருடைய படைப்பின் சாயலே.

உரிமங்களின் மூவகை

உலகில் வழங்கும் திறமூல உரிமங்கள் பல. தனியுரிமை மென்பொருள் செய்பவர் நோக்கில் அவற்றை மூன்று வகையாகப் பிரித்துக் கண்டால் தெளிவு பிறக்கும்.

முதல் வகை, தாராள உரிமங்கள். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி 2.0 ஆகியன இவ்வகையின. இவற்றின் கீழ் வந்த நிரலை நம் மூடிய மென்பொருளில் சேர்த்து விற்கலாம். நம் மூலநிரலை வெளியிடவேண்டியதில்லை. ஆனால் நிபந்தனை இல்லாதவை அல்ல. ஆசிரியரின் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நம் மென்பொருளின் படிகளோடு தரவேண்டும். 2004இல் வெளிவந்த அப்பாச்சி 2.0 உரிமம், மாற்றிய கோப்புகளில் மாற்றினோம் என்று குறிக்கச் சொல்கிறது. நிரலகத்தோடு அறிவிப்புக் கோப்பு இருந்தால் அதையும் எடுத்துச் செல்லச் சொல்கிறது. பங்களித்தோரின் காப்புரிமைகளைப் பயன்படுத்தும் இசைவையும் அது தருகிறது. அந்தப் படைப்பின் மீதே காப்புரிமை வழக்குத் தொடுப்பவர் அந்த இசைவை இழப்பார்.

இரண்டாம் வகை, வன்மையாகப் பகிர்வு கோரும் உரிமங்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் ஜிபிஎல் உரிமம் இதன் தலைமகன். அதன் இரண்டாம் பதிப்பு 1991இலும் மூன்றாம் பதிப்பு 2007இலும் வெளிவந்தன. ஜிபிஎல் நிரலகத்தைத் தன்னுள் கொண்ட மென்பொருளை நாம் பிறருக்கு வழங்கினால், பெறுபவருக்கு முழு மென்பொருளின் மூலநிரலையும் அதே உரிமத்தின் கீழ் தரவேண்டும். இவ்விடத்தில் பரவலான பிழைக்கருத்து ஒன்றைக் களையவேண்டும். ஜிபிஎல் விற்பனையைத் தடுக்கவில்லை, எவ்விலைக்கும் விற்கலாம். அது தடுப்பது மூடிவைப்பதை. நாம் பெற்ற உரிமையை நம்மிடமிருந்து பெறுபவருக்கு மறுக்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

மூன்றாம் வகை, இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பவை. எல்ஜிபிஎல் உரிமம் தோன்றும்போதே நிரலகங்களுக்கென வகுக்கப்பட்டது. அதன்கீழ் வந்த நிரலகத்தை நம் மூடிய மென்பொருள் பயன்படுத்தலாம். ஆனால் அந்த நிரலகத்தில் நாம் செய்த மாற்றங்களின் மூலநிரலைத் தரவேண்டும். பயனர் விரும்பினால் அந்த நிரலகத்தின் வேறு பதிப்பைத் தாமே பொருத்திக்கொள்ளவும் வழி வைக்கவேண்டும். நிரலகத்தைத் தனிக் கோப்பாக வைத்து, இயங்கும்போது இணைத்துக்கொள்ளும் முறையில் இது எளிது. எல்லாவற்றையும் ஒரே கோப்பாக உருக்கிவிட்டால் கடினம். மொசில்லா பொது உரிமம் இதனினும் எளியது: அவ்வுரிமக் கோப்புகளையும் அவற்றில் நாம் செய்த மாற்றங்களையும் திறந்து வைத்தால் போதும், நம் பிற கோப்புகள் நம்முடையனவாகவே இருக்கும்.

கடமை எப்போது தொடங்குகிறது? ஜிபிஎல் உரிமத்தின் கடமை, மென்பொருளைப் பிறருக்கு வழங்கும்போது தொடங்குகிறது. நிறுவனத்தின் உள்ளேயே பயன்படுத்தினால் எவருக்கும் மூலநிரல் தரவேண்டியதில்லை. நம் வழங்கியில் இயக்கி, சேவையை மட்டும் இணையவழி அளித்தாலும் அவ்வாறே. இந்த இடைவெளியை அடைக்கவே 2007இல் ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வந்தது: மாற்றியமைத்த நிரலோடு வலைப்பின்னல் வழியே உறவாடும் பயனருக்கும் மூலநிரல் கிடைக்கவேண்டும் என்கிறது அது. மேலும், இணையத்தளத்தில் பயனரின் உலாவிக்குள் சென்று இயங்கும் நிரல் அவருக்கு வழங்கப்பட்ட நிரலே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு தமிழ்ச் செயலியை அவிழ்த்துப் பார்ப்போம்

கொள்கையை விட்டு நடைமுறைக்கு வருவோம். சிங்கப்பூரில் மூவர் சேர்ந்து சிறு நிறுவனம் தொடங்கி, தொடக்கப்பள்ளி மாணவர்க்கு ஒரு தமிழ்ச் செயலி செய்வதாகக் கற்பனை செய்துகொள்வோம். துணைப்பாட நிலையங்களுக்குச் சந்தாவுக்கு விற்பது அவர்கள் எண்ணம். மூலநிரலை வெளியிட விருப்பமில்லை. அச்செயலிக்கு வேண்டியவற்றை ஒவ்வொன்றாக எடுப்போம்.

எழுத்துகளைக் கோப்பதற்கு ஹார்ஃப்பஸ். அதன் உரிமம் எம்ஐடி உரிமத்தின் பழைய வடிவங்களுள் ஒன்று. குறிப்பைச் சேர்த்தால் போதும், தடையில்லை.

எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழ். இதன் உரிமம் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம். செயலியோடு சேர்த்து விற்கலாம். ஆனால் எழுத்துருவை மட்டும் தனியே விற்கக் கூடாது. எழுத்துருவைத் திருத்தி வெளியிட்டால், திருத்திய வடிவமும் அதே உரிமத்தில் இருக்கவேண்டும். சில எழுத்துருக்கள் தம் பெயரை ஒதுக்கி வைத்திருக்கும். அவற்றைத் திருத்தினால் வேறு பெயர் இடவேண்டும். செயலிக்கு இவற்றால் தடையில்லை.

சொற்களை எழுத்துகளாகப் பிரிக்க ஓப்பன் தமிழ் என்னும் பைத்தான் நிரலகம். 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கோ த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். இந்த வேறுபாட்டை அறியாத செயலி, மாணவர் சரியாக எண்ணியதைத் தவறென்று சொல்லிவிடும். தன்னார்வலர்கள் ஒன்றுகூடி எழுதிய இந்த நிரலகம் எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது. இங்கும் தடையில்லை.

எழுத்துப்பிழை காட்டுவதற்கு ஹன்ஸ்பெல். இது மூன்று உரிமங்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பைத் தருகிறது: ஜிபிஎல், எல்ஜிபிஎல், மொசில்லா. நம் மூவர் மொசில்லாவைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் இங்கே ஒரு கண்ணி உண்டு. ஹன்ஸ்பெல் இயந்திரம் மட்டுமே. அதற்குத் தீனியாகும் தமிழ்ச் சொற்பட்டியல் வேறொருவர் தொகுத்தது. அதன் உரிமம் வேறாக இருக்கலாம். நிரலின் உரிமத்தைப் படித்துவிட்டுத் தரவின் உரிமத்தைப் படிக்காமல் விடுவது, வீட்டு வாடகையைப் பேசிவிட்டு உள்ளிருக்கும் அறைகலன்கள் யாருடையவை என்று கேளாமல் விடுவதை ஒத்தது.

அச்சிட்ட பக்கத்தைப் படம்பிடித்து எழுத்தாக்க டெசராக்ட். ஹெச்பி நிறுவனத்தில் 1980களில் தோன்றி, 2005இல் திறமூலமாக்கப்பட்ட இந்த எழுத்துணரி அப்பாச்சி 2.0 உரிமத்தில் உள்ளது. தமிழுக்கான பயிற்சித் தரவும் உண்டு. நிபந்தனைகள் எளியவை.

இறுதியாக, பாடத்தை உரக்க வாசிக்க ஒரு நிரலகம் வேண்டும். இணையத்தில் தேடினால் தமிழை வாசிக்கும் ஈஸ்பீக் என்ஜி கிடைக்கிறது. சிறியது, விரைவானது, இலவசமானது. மூவரும் மகிழ்ந்து அதைச் செயலிக்குள் இணைத்துவிட்டால், அங்கேதான் சிக்கல். அதன் உரிமம் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு. இணைத்த செயலியைத் துணைப்பாட நிலையத்துக்கு வழங்கும் நாளில், அந்நிலையத்துக்குச் செயலி முழுவதன் மூலநிரலையும் ஜிபிஎல் உரிமத்தில் தரும் கடமை எழுகிறது. நிரலகத்தை இணைப்பதனாலேயே முழு மென்பொருளும் ஒரே படைப்பு ஆகிறது என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. எவ்வகை இணைப்பு எவ்வளவு தூரம் அவ்வாறாகும் என்பதில் சட்ட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அதை நீதிமன்றத்தில் சோதித்துப் பார்க்கும் செலவு மூவர் நிறுவனத்தால் தாங்கக்கூடியதன்று.

அவர்களுக்கு வழிகள் உண்டு. செயலியையே திறமூலமாக்கி, பாடத்தையும் சேவையையும் விற்கலாம். திறன்பேசி இயங்குதளம் தரும் பொதுவான வாசிப்பு வசதியை அழைத்து, எந்தக் குரல் இயந்திரம் வேண்டும் என்பதைப் பயனரின் தெரிவுக்கு விடலாம். வேறு உரிமத்தில் உள்ள இயந்திரத்தை நாடலாம். பதிப்புரிமையாளர்கள் அனைவரும் இசைந்தால் தனி உரிமம் கேட்டுப் பெறலாம். செய்யக்கூடாதது ஒன்றே: தெரிந்தும் தெரியாததுபோல் இருந்துவிடுதல்.

உடையவரும் பெற்றவரும்: சிங்கப்பூரின் சான்று

உரிமத்தைப் பற்றிய ஒரு நுண்பொருளை விளக்க, நம் ஊரிலேயே நல்ல சான்று உண்டு. கொவிட்-19 பரவத் தொடங்கியபோது, தொடர்புத் தடம் அறிய அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பு உருவாக்கிய டிரேஸ்டுகெதர் செயலி 2020 மார்ச் 20ஆம் நாள் வெளியாயிற்று. அருகிலிருக்கும் திறன்பேசிகள் புளூடூத் வழியே தற்காலிக அடையாளங்களைப் பரிமாறிக்கொள்வது அதன் அடிப்படை. அதன் நெறிமுறைக்குப் புளூடிரேஸ் என்று பெயர். அடுத்த மாதமே அந்த நெறிமுறையின் விளக்க ஆவணமும், அதைச் செயற்படுத்திக் காட்டும் ஓப்பன்டிரேஸ் என்ற மாதிரி நிரலும் உலகுக்குத் திறந்து வைக்கப்பட்டன. ஓப்பன்டிரேஸின் உரிமம் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு. ஆஸ்திரேலியாவின் கோவிட்சேஃப் செயலி இதே நெறிமுறையை அடியொற்றி எழுந்தது.

ஓப்பன்டிரேஸும் மக்கள் கையிலிருந்த டிரேஸ்டுகெதர் செயலியும் ஒன்றல்ல. மாதிரி நிரலை ஜிபிஎல் உரிமத்தில் கொடுத்த அமைப்பே, தன் செயலியின் எல்லா வரிகளையும் வெளியிடக் கடமைப்பட்டதா என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. உரிமம் என்பது உடையவர் பிறருக்குத் தரும் இசைவு. உடையவரைக் கட்டும் விலங்கன்று. தாம் எழுதிய நிரலை ஒருபுறம் ஜிபிஎல் உரிமத்தில் கொடுத்து, மறுபுறம் தம் மூடிய செயலியில் பயன்படுத்த அவருக்கு உரிமை உண்டு. ஆனால் ஓப்பன்டிரேஸை எடுத்துத் தன் அலுவலக வருகைப்பதிவுச் செயலிக்குள் சேர்க்க விரும்பும் வேறு நிறுவனத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அது பெற்றவர், ஆகவே பகிரும் கடமை உடையது. அதே நிறுவனம், விளக்க ஆவணத்தைப் படித்து நெறிமுறையைப் புரிந்துகொண்டு தன் நிரலைத் தானே எழுதினால், பதிப்புரிமை அதைத் தடுக்காது. கருத்துக்கும் வடிவத்துக்கும் உள்ள வேறுபாட்டை முன்பே கண்டோம்.

உடையவருக்கும் ஓர் எல்லை உண்டு. தம் திறமூல நிரலில் வெளியார் திருத்தம் அனுப்பி, அதை ஜிபிஎல் உரிமத்தில் ஏற்றுக்கொண்டால், அந்த வரிகளுக்கு அவர் உடையவர் அல்லர், பெற்றவர். அவற்றை மூடிய செயலியில் சேர்க்கத் தனி இசைவு வேண்டும். அதனால்தான் பல திட்டங்கள் பங்களிப்போரிடம் முன்கூட்டியே ஒப்பந்தம் பெறுகின்றன.

மீறினால் நிகழ்வன

'யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?' என்ற எண்ணம் மனித இயல்பு. மூன்று நிகழ்வுகள் அதற்கு விடை சொல்கின்றன.

அமெரிக்காவில் பொம்மை ரயில் ஆர்வலர்கள் சேர்ந்து எழுதிய ஒரு திறமூல நிரலின் கோப்புகளை, ஒரு வணிக நிறுவனம் ஆசிரியர் பெயரும் உரிமக் குறிப்பும் இன்றிப் பயன்படுத்தியது. ஜேக்கப்சன் எதிர் கட்சர் என்ற அவ்வழக்கில், 2008 ஆகஸ்ட் மாதத்தில் அந்நாட்டின் கூட்டரசு வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், பணம் வாங்காமல் கொடுத்த உரிமத்தின் நிபந்தனைகளும் பதிப்புரிமைச் சட்டத்தால் நிலைநாட்டத்தக்கவை என்று தீர்ப்பளித்தது.

பிரான்சில் ஆரஞ்ச் என்ற பெரும் தொலைத்தொடர்பு நிறுவனம், அரசாங்கத்தின் இணையவாசல் ஒன்றுக்காக உருவாக்கிய தளத்தில், ஆன்துரூவேர் என்ற சிறு நிறுவனத்தின் லாசோ நிரலகத்தைச் சேர்த்திருந்தது. லாசோ ஜிபிஎல் உரிமத்தில் உள்ள நிரலகம். வழக்கு 2011இல் தொடங்கி, நீதிமன்றம் மாறி நீதிமன்றம் ஏறி இறங்கியது. 2024 பிப்ரவரியில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம், பொருளிழப்பீடாக 5 லட்சம் யூரோவும், மனவகை இழப்பீடாக ஒன்றரை லட்சம் யூரோவும் வழங்க உத்தரவிட்டது. நிரலகத்தின் சொந்தக்காரர் சிறியவர், மீறியவர் பெரியவர். பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. ஆயினும் உரிமம் நின்றது.

மூன்றாவது நிகழ்வில் நீதிமன்றமே இல்லை. விஎல்சி காணொளி இயக்கி ஜிபிஎல் உரிமத்தில் இருந்தது. ஆப்பிள் செயலிக்கடையின் விதிகள் அவ்வுரிமத்தோடு பொருந்தா என்று அதன் நிரலாளர்களுள் ஒருவரே எதிர்ப்புத் தெரிவித்ததால், 2011 ஜனவரியில் அது கடையிலிருந்து நீக்கப்பட்டது. பின்னர் பங்களித்தோரைத் தேடிக் கண்டு, ஒப்புதல் பெற்று, அதன் அடிப்படை நிரலகத்தை எல்ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்றிய பிறகே, 2013இல் மீண்டும் கடைக்கு வந்தது. உரிமத்தை இறுதியில் எண்ணிப் பார்ப்பதைவிட முதலில் எண்ணிப் பார்ப்பது எளிது என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல இயலாது.

கண்ணுக்குத் தெரியாத வேர்கள்

நாம் தேர்ந்து சேர்த்த நிரலகம் பத்து என்றால், அவை தமக்கு வேண்டியதென இழுத்து வருவன நூறு. ரூபி மொழியில் கோப்பு வகைகளை அறியும் மைம்மேஜிக் என்ற சிறு நிரலகம் எம்ஐடி உரிமத்தில் இருப்பதாக அறிவிக்கப்பட்டிருந்தது. ரெயில்ஸ் என்னும் புகழ்பெற்ற இணையக் கட்டமைப்பு அதைச் சார்ந்திருந்தது. 2021 மார்ச் மாதத்தில், அந்த நிரலகம் தன்னுள் ஜிபிஎல் உரிமத் தரவுக்கோப்பு ஒன்றை வைத்திருப்பது சுட்டிக்காட்டப்பட்டது. அதன் ஆசிரியர் பழைய பதிப்புகளை விலக்கிக்கொண்டார். உலகெங்கும் ரெயில்ஸ் கொண்டு செய்த மென்பொருள்களை மீண்டும் கட்ட முயன்றோர் பலர் திகைத்து நின்றனர். தவறு செய்தவர் எவருமில்லை; ஒரு கோப்பின் மூலத்தை எவரும் கேட்கவில்லை, அவ்வளவே.

நடைமுறைக்குச் சில நெறிகள்

இவ்வளவும் அறிந்தபின், சிறு நிறுவனம் ஒன்று கடைப்பிடிக்கத்தக்கவற்றைத் தொகுத்துக் கூறலாம்.

நிரலகத்தைச் சேர்க்கும் நாளிலேயே அதன் பெயர், பதிப்பு, உரிமம், எடுத்த இடம் ஆகியவற்றை ஒரு பட்டியலில் எழுதவேண்டும். இதற்கென எஸ்பிடிஎக்ஸ் என்ற பொது வடிவம் 2021இல் அனைத்துலகத் தரமாகவே ஏற்கப்பட்டுள்ளது. பட்டியலைத் தானே தொகுத்துத் தரும் கருவிகளும் உள்ளன. எந்த உரிமங்களைத் தயக்கமின்றிச் சேர்க்கலாம், எவற்றுக்குக் கேட்டுச் செய்யவேண்டும், எவற்றை மூடிய செயலியில் சேர்க்கலாகாது என மூன்று வரிகளில் நிறுவனத்தின் விதியை எழுதி வைத்தல் நன்று. செயலிக்குள் 'உரிம விவரங்கள்' என்றொரு பக்கம் அமைத்து, நிரலகங்களின் குறிப்புகளை முழுமையாக இடவேண்டும். எழுத்துரு, சொற்பட்டியல், குரல் தரவு ஆகியவற்றின் உரிமங்களையும் நிரலின் உரிமத்தைப் போலவே படிக்கவேண்டும்.

மென்பொருளைச் செய்து வாங்குவோருக்கும் ஒரு சொல். ஊழியர் தம் பணியின் பகுதியாக எழுதிய நிரலின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாவிடில், முதலாளியுடையது. வெளியாரிடம் பணம் கொடுத்து எழுதி வாங்கியது அவ்வாறன்று. ஒப்பந்தத்தில் எழுதாவிடில் உரிமை எழுதியவரிடமே இருக்கும். ஆதலின் சங்கமோ கடையோ செயலி செய்யக் கொடுக்கும்போது, உரிமை யாருக்கு, எந்தெந்தத் திறமூல நிரலகங்கள் சேர்க்கப்பட்டன, அவற்றின் பட்டியல் எங்கே என்னும் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுத்தில் பெறவேண்டும்.

தவறு நேர்ந்துவிட்டால் மறைக்க வேண்டா. ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, முதன்முறை தவறியவர் அறிவிப்புப் பெற்ற 30 நாளுக்குள் திருத்திக்கொண்டால் உரிமம் மீளும் என்கிறது. பெரும்பாலான திறமூல ஆசிரியர்கள் விரும்புவது தண்டத்தை அன்று, இணங்கி நடத்தலையே. பெருந்தொகை விற்பனையோ முதலீடோ வரும் வேளையில் அறிவுசார் சொத்து வழக்கறிஞரை நாடுவது கடமை. அதற்கு முன்பே பட்டியல் கையில் இருந்தால் அவருடைய நேரமும் நம் பணமும் மிச்சம்.

தமிழுக்கு இதில் என்ன?

ஆங்கிலத்துக்கு ஒரு நிரலகம் தோற்றால் பத்து நிரலகங்கள் முன்வரும். தமிழுக்கு அவ்வாறன்று. சொற்களை எழுத்தாகப் பிரிக்கவும், பிழை காட்டவும், உரக்க வாசிக்கவும் உள்ள கருவிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றைப் பேணுவோரும் பகலில் வேறு வேலை பார்த்து, இரவில் இதைச் செய்யும் தன்னார்வலர்கள். அவர்கள் கேட்பது, ஓர் உரிமத்தில் 'என் பெயரை நீக்காதே' என்பது. இன்னோர் உரிமத்தில் 'நான் கொடுத்ததுபோல் நீயும் கொடு' என்பது. முதலதை மீறினால் அவர் உழைப்பு முகம் இழக்கிறது. இரண்டாவதை மீறினால் அடுத்த கருவி பிறக்காது.

மறுபக்கமும் உண்டு. உரிமம் என்ற சொல்லைக் கேட்டே அஞ்சி, திறமூலம் அனைத்தையும் ஒதுக்கும் நிறுவனம், தமிழ்ச் செயலியைச் செய்யாமலே விட்டுவிடும். அச்சமும் அலட்சியமும் அறியாமையின் இரு பிள்ளைகள். உரிமம் ஒன்றைப் படித்து முடிக்க அரைமணி நேரம் போதும். எம்ஐடி உரிமத்துக்கு இரண்டு நிமிடம் போதும்.

சிராங்கூன் சாலையில் நின்று தமிழ்ச் செய்தி படிப்பவர் ஹார்ஃப்பஸின் பெயரைக் கேட்டிருக்கமாட்டார். கேட்கவேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. அவருக்காகச் செயலி செய்யும் நாம் கேட்டிருக்கவேண்டும். தமிழ்ச் செயலி ஒன்றை அடுத்தமுறை திறக்கும்போது, அதன் உரிம விவரங்கள் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பார்ப்போம். அங்கே பெயர்கள் இருந்தால் அந்நிறுவனம் கடன் அறிந்தது. பக்கமே இல்லையென்றால், கேட்கும் உரிமை வாங்கிய நமக்கு உண்டு.